பச்சைப் பெயின்ட்

மூன்றாவது பெட்டியிலும் சத்தம் இல்லை.

தையல்காரி காதை இன்னும் அழுத்தி வைத்துப் பார்த்தாள். சரியாகக் காயாத பெயின்ட் கன்னத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது. தூரத்தில் யாரோ மாவரைக்கிற மாதிரி எப்போதும் உள்ளேயிருந்து ஒரு முனகல் வரும். அதைக் காணோம். விரலை மடக்கித் தட்டினாள். போன வாரம் இப்படித் தட்டியிருந்தால் முகம் வீங்கித்தான் வீடு திரும்பியிருப்பாள். இப்போது ஒன்றும் நடக்கவில்லை.

மூடியைத் தூக்கினாள். அடைகள் அப்படியே இருந்தன. ஓர் ஓரத்தில் கொஞ்சம் தேன் மிச்சமிருந்தது. அதை நோக்கி எறும்புகள் வரிசை கட்டியிருந்தன. குடியிருந்தவர்கள் பாத்திரம் பண்டத்தைப் போட்டுவிட்டு இரவோடிரவாகக் காலி செய்த வீடு மாதிரி இருந்தது பெட்டி.

தேனீ வைத்திருந்த அடுத்த பெட்டிக்கு ஓடினாள். அதற்கடுத்ததற்கும் ஓடினாள். வரிசையின் கடைசிக்குப் போய், ஏதோ எண்ணத் தவறிவிட்டதைப்போல மறுபடி முதலிலிருந்து வந்தாள். எல்லாம் பச்சைப் பசேலென்று பளபளத்தன. எல்லாம் காலி.

காட்டை ஒட்டிய வயல்களின் ஓரமாகக் கம்பங்கள் நட்டு, கம்பத்துக்குக் கம்பம் கயிறு இழுத்து, அந்தக் கயிற்றில்தான் இந்தத் தேனீப் பெட்டிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். யானை வந்து கயிற்றை முட்டினால் வரிசை முழுவதும் ஆடும். தேனீ கிளம்பும். தேனீ கிளம்பினால் யானை வாலைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விடும். எல்லாவற்றிலும் தேனீ வைக்க முடியாது என்பதால் ஒன்றுவிட்டு ஒன்று வெறும் பெட்டி. எது வெறும் பெட்டி என்று யானைக்குத் தெரியாது, அதுதான் இந்த வேலியின் சூட்சுமம். இப்போது எல்லாமே வெறும் பெட்டி. அது யானைக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஊர்க்குழுவின் சார்பில் தேனீப் பயிற்சிக்குப் போய் வந்தவள் அவள்தான். வந்த நாளிலிருந்து எதைப் பேசினாலும் "ட்ரெய்னிங்ல சொன்னாங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். அதனால் ஊரில் பாதிப் பேர் அவளை ட்ரெய்னிங் என்றே கூப்பிட்டார்கள். அந்த ட்ரெய்னிங்கில் பெட்டிக்கு உள்ளே பெயின்ட் அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் உள்ளே ஒரு சொட்டுப் படவிடவில்லை. தேனீ போய்வரும் ஓட்டையைச் சுற்றித் துணி வைத்து, தையலில் விளிம்பு மடிப்பதைப்போல ஒழுங்காகத்தான் அடித்தாள். வேறு காட்டோர ஊர்களிலிருந்து வேலியைப் பார்க்க விருந்தாளிகள் வருகிறார்கள்; மழையில் கறுத்த பெட்டிகள் பார்க்கச் சகிக்கவில்லை; சோதனைச்சாவடிக் கதவுக்கு அடித்தது போக மிஞ்சிய பெயின்ட்டை வனக்காவலர் சும்மாவே தந்தார். வெளியே அடித்த வாடை உள்ளே போகும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. மூடிய அறைக்குள் இரண்டு நாள் வெயிலில் அந்த வாடை அடித்தால் மனுஷனே எழுந்து ஓடுவான். தேனீ ஓடாதா?

விருந்தாளிகள் இன்றைக்குத்தான் வருகிறார்கள். மத்தியானம்.

வீட்டுக்கு வந்து தையல் மிஷினில் உட்கார்ந்தாள். எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி உட்கார்ந்து ஒரு சட்டையின் கையை எடுத்து வைத்து மிஷினை மிதித்தாள். மிதிக்கும்போதெல்லாம் சுவரில் ஆணியில் தொங்கிய கம்பிச் சுருள் கண்ணில் பட்டது. அது அவள் அண்ணனுடையது.

பெட்டி வேலி வருவதற்கு முன்னால் ஆளாளுக்குப் பம்புசெட்டிலிருந்து மின்சாரம் இழுத்து வயலைச் சுற்றிக் கம்பி கட்டியிருந்தார்கள். ஒரு சோளப் பருவத்தில் அண்ணன் வயலோரம் ஒரு குட்டி யானை விழுந்தது. தாய் யானை அதைக் காலால் புரட்டிப் புரட்டி எழுப்பிப் பார்த்தபடி பொழுது முழுக்க அங்கேயே நின்றது. ஊரில் ஒருவரும் வெளியே வரவில்லை. யாருடைய கம்பி என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. அண்ணன் மட்டும் அதற்குப் பிறகு சோளக்கதிரை வாயில் வைப்பதில்லை.

கம்பியை அலுவலகத்தில் ஒப்படையுங்கள் என்றார் வனக்காவலர். ஒப்படைத்தால் இத்தனை நாள் வைத்திருந்தேன் என்று ஒத்துக்கொள்வது ஆகிவிடுமே? யாரும் அசையவில்லை. கடைசியில் குழு ஒரு வழி கண்டது. அவரவர் கம்பியை இன்னொருவர் வீட்டில் கொடுத்து வைப்பது. பெட்டியில் தேனீ இருக்கும்வரை யாரும் திருப்பிக் கேட்கக் கூடாது. தேனீ போய்விட்டால் கேட்ட உடனே கொடுத்துவிட வேண்டும். அண்ணன் கம்பி தங்கையிடம் வந்தது. மாவுமில்காரர் கம்பி அண்ணன் வீட்டுப் பரணுக்குப் போனது. இப்படியே ஊரைச் சுற்றி ஒருவர் கம்பி இன்னொருவர் வீட்டில். மாவுமில்காரர் வயலும் அண்ணன் வயலும் பக்கத்துப் பக்கத்து வயல்கள்.

"என்ன, கையைக் கழுத்துல வெச்சுத் தைக்கிற?"

அண்ணி வாசலில் நின்றாள். தையல்காரி குனிந்து பார்த்தாள். சட்டைக் கை கழுத்துப்பட்டியோடு சேர்ந்து தைத்திருந்தது.

"ஞாபக மறதி அண்ணி."

"கன்னத்துல என்ன பச்சை? விருந்தாளி வர்றாங்கன்னு உனக்கும் பெயின்ட் அடிச்சாச்சா?" அண்ணி சிரித்தாள். "உங்க அண்ணன் வேற காலையிலேர்ந்து சட்டையை மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்குறாரு. பெண் பார்க்க வர்ற மாதிரி. நேத்து காவல் மேடையைப் பிரிச்சுப் போட்டுட்டாரு, தெரியுமா? அதுல கோழிக்கூடு கட்டியாச்சு."

"மேடையைப் பிரிச்சாச்சா? அப்போ காவலுக்கு எங்க படுப்பாரு?"

"கீழதான். பெட்டி வரிசைக்கு அடியிலேயே கட்டிலைப் போட்டுக்குறாராம். முட்டி வலியோட ஏறி இறங்க முடியலையாம். என் தங்கச்சி தேனீ இருக்கும்போது எனக்கென்ன பயம்னு சொல்றாரு."

அண்ணி போன பிறகு தையல்காரி கையைப் பிரிக்க உட்கார்ந்தாள். நூல் பிரியவில்லை. துணிதான் கிழிந்தது.

சொல்லிவிட்டால் அண்ணன் கம்பியைக் கேட்பான். கேட்டால் கொடுக்க வேண்டும். கதிர் பால் பிடித்திருக்கிற நேரம். பொழுது சாய்வதற்குள் கட்டிவிடுவான். நாளைக்கே இன்னொரு குட்டி விழலாம். சொல்லாவிட்டால் அவன் வெறும் பெட்டிக்கு அடியில் நிம்மதியாகக் குறட்டை விடுவான். இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருட்டாக இருந்தது.

விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். அதுவே அவளுக்கு அதிர்ச்சி. கொஞ்சம் தாமதித்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். என்ன செய்திருப்பாள் என்பது வேறு விஷயம். அண்ணன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் முன்னால் நடந்தான். வனக்காவலர் தொப்பியைச் சரிசெய்தபடி பின்னால் வந்தார்.

"ஆகா, என்ன பச்சை! கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கே" என்றார் ஒரு பெரியவர்.

"கிட்டப் போகாதீங்க, கிட்டப் போகாதீங்க" என்று தையல்காரி குறுக்கே கையை நீட்டினாள். "கொட்டிடும்."

எல்லோரும் பயந்து பின்வாங்கினார்கள். இவ்வளவு எளிதாக நம்புகிறார்களே என்று அவளுக்கு அழுகை வந்தது.

மாவுமில்காரர் மட்டும் பெட்டியைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார். காலமெல்லாம் மில்லிலேயே நின்றதில் அவருக்குக் காது மந்தம். "ஏம்மா ட்ரெய்னிங், என் காது மில்லுல போச்சுன்னு தெரியும். ஆனா இவ்வளவு போச்சா? ஒண்ணுமே கேட்கலையே."

"மத்தியானத்துல அடங்கிடும்ண்ணே" என்றாள். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

அண்ணன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். விருந்தாளிகளின் பக்கம் திரும்பி, "மத்தியானத்துல அதுங்க ஒரு குட்டித் தூக்கம் போடும். நம்மள மாதிரிதான். வெயில் தாழ்ந்ததும் பாருங்க, வேற மாதிரி இருக்கும்" என்றான்.

விருந்தாளிகள் தலையாட்டினார்கள். ஓர் அம்மா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள், ஊருக்குப் போய்ச் சொல்வதற்கு. பிறகு அவளே கேட்டாள்:

"ஒருவேளை தேனீ போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"போகாது. போனா என் கம்பி என் கைக்கு வந்துடும். அதுதான் பேச்சு." அண்ணன் தங்கையைக் காட்டினான். "இதோ, இவ வீட்டுலதான் தொங்குது."

கம்பி என்ற சொல் காதில் விழுந்ததும் வனக்காவலர் அவசரமாக ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்து, "அங்க பாருங்க, என்ன அழகான பறவை" என்றார். அந்த மரத்தில் ஒரு பறவையும் இல்லை. எல்லோரும் பார்த்தார்கள்.

வண்டி கிளம்பியதும் தையல்காரி வீட்டுக்கு வந்தாள். அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தாள். துணிகளை மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாமா? தேனீ திரும்பி வராது என்று ட்ரெய்னிங்கில் யாரும் சொல்லவில்லையே. வரும் என்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தெருவில் அண்ணன் போய்க்கொண்டிருந்தான். தலையில் கட்டில். கையில் தலையணை.

அவள் எழுந்து ஆணியிலிருந்து கம்பிச் சுருளைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. துணியால் மூட வேண்டும் என்று தெருவில் இறங்கிப் பாதி தூரம் வந்த பிறகுதான் தோன்றியது. அதற்குள் குழாயடியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மில்லில் மாவு வாங்க நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கயிறு தளர்ந்த கட்டிலை இறுக்கிக் கட்ட அண்ணன் பாதி வழியில் திரும்பி, வீட்டு வாசலிலேயே இறக்கி வைத்திருந்தான். நிமிர்ந்தவன் கண் முதலில் கம்பிக்குத்தான் போனது.

"இதை எதுக்குத் தூக்கிட்டு வர்ற? யாரு கேட்டா?"

"பெட்டி எல்லாம் காலிண்ணே."

"என்னது?"

"தேனீ போயிடுச்சு. ஒண்ணு விடாம. பெயின்ட் வாடை தாங்காம போயிருக்கு. நான் அடிச்ச பெயின்ட்."

அண்ணன் கயிற்றின் நுனியைக் கையில் பிடித்தபடியே நின்றான். "எப்போ பார்த்தே?"

"காலையில."

"காலையிலயே தெரியுமா? அப்போ அந்த மத்தியானத் தூக்கம்?"

அவள் கம்பிச் சுருளை மறு தோளுக்கு மாற்றினாள்.

"அதை நான் அத்தனை பேர்கிட்ட சொன்னேனே!" அண்ணன் குரல் உடைந்தது. "அந்த அம்மா ஊருக்குப் போய்ச் சொல்லப் போறாளே! என்னை என்னன்னு நினைச்சே நீ? கூடப்பொறந்தவளே என் காதுல பூ சுத்துறியா?"

"தப்புதாண்ணே. கம்பி உன்னுது, பேச்சுப்படி கொண்டுவந்துட்டேன். எனக்கு அதைக் கொடுக்க மனசில்ல. ஆனா நீ இன்னிக்கு ராத்திரி கீழ படுக்கப் போறேன்னதும் என்னால வீட்டுல உட்கார முடியல."

"ட்ரெய்னிங்ல பெயின்ட் அடிக்கச் சொன்னாங்களா?"

"உள்ளே அடிக்காதேன்னு சொன்னாங்க. நான் உள்ளே அடிக்கல."

"ரொம்ப நல்லது. அதை ஒரு போர்டுல எழுதி மாட்டு."

சுருளை அவள் தோளிலிருந்து உருவினான். வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் மடங்கியே இருக்கும் அவனுக்கு. அதனால் இடது கையால் வாங்கி, உள்ளே திரும்பி, "பம்புசெட் சாவியை எடு" என்று கத்தினான். அண்ணி வெளியே வந்தாள். ஆனால் சாவி இல்லாமல் வந்தாள்.

அதற்குள் மாவுமில்காரர் வந்துவிட்டார். புருவமெல்லாம் மாவு. "கம்பி தெருவுல நடந்து போச்சுன்னாங்க. அப்போ என் காது நல்லாத்தான் இருக்கு. காலியான பெட்டிக்குத்தான் மத்தியானத் தூக்கமா?" என்றவர் குரலை மாற்றினார். "நீ உன்னுதை எடுத்துக்கிட்டே. சரி. பரண்ல இருக்கிற என்னுதைக் கொடு."

"உன் கம்பியா? தர முடியாது."

"ஏன்? என் வயல்ல சோளம் இல்லையா? யானைக்கு உன் சோளம்தான் இனிக்குமா?"

அண்ணன் மடங்கிய விரல்களைத் தூக்கிக் காட்டினான். "இது யாரு கம்பி பண்ண வேலை? மடை திறக்கப் போனவனைப் பிடிச்சு உதறித் தூக்கிப் போட்டுச்சே, மறந்து போச்சா? உன் வரப்புலதான் நான் தினமும் போகணும்."

"நானும்தான் போகணும்" என்றாள் அண்ணி. "அவரு கம்பி வரப்புக்கு வந்துச்சுன்னா நான் புல்லறுக்கப் போக மாட்டேன். மாட்டுக்கு உங்க இஸ்திரி சட்டையைப் போடுங்க, தின்னட்டும்."

"நீ சும்மா இரு."

"இருக்கேன். சாவியும் என்கிட்ட சும்மாதான் இருக்கு."

மாவுமில்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். "என் கம்பி உன்னைப் பிடிச்சது, ஒத்துக்குறேன். அதுக்காக உன் வீட்டுத் திண்டாட்டத்தையெல்லாம் நான் கேட்டுக்கிட்டு நிக்கணுமா? உன் கம்பி என்ன பண்ணுச்சுன்னு நான் சொல்லவா? அன்னிக்கு பொழுது முழுக்க அது நின்னுதே, காலால உருட்டி உருட்டி..."

சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். இத்தனை நாளில் அதை யாரும் அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. தெருமுனையில் இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து நின்றிருந்தார்கள். அவரவர் கம்பி யார் வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டைப் பார்த்தபடி. ஒரு சுருள் நகர்ந்தால் ஊரிலுள்ள அத்தனை சுருளும் நகரும் என்பது தையல்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அண்ணனின் கையிலிருந்த சுருளைப் பார்த்தாள்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தான். கம்பியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் நுனியைத் தேடுகிறவன் மாதிரி கொஞ்ச நேரம் விரலால் தடவினான்.

"அது கத்தவே இல்லை, தெரியுமா?" என்றான். யாரைப் பார்த்துச் சொன்னான் என்று தெரியவில்லை. "அந்தத் தாய். கத்தியிருந்தா பரவாயில்ல."

பிறகு சுருளை எடுத்துத் தங்கையின் கையில் திணித்தான்.

"கொண்டுபோய் எங்க இருந்துச்சோ அங்கேயே மாட்டு. மாட்டிட்டு உடனே வா. பெட்டியில இருக்கிற பெயின்ட் பூரா சுரண்டணும். உன் நகத்தால சுரண்டுவியோ பல்லால சுரண்டுவியோ, எனக்குத் தெரியாது." மாவுமில்காரரிடம் திரும்பினான். "நீ மில்லை நிறுத்திட்டு வா. காலி ட்ரம் இருக்கில்ல, அதைக் கொண்டுவா. இன்னிக்கு எல்லாரும் முழிச்சிருந்து தட்ட வேண்டியதுதான்."

"என் கம்பி?"

"என் பரண்லயே தூங்கட்டும். குட்டித் தூக்கம்."

மாவுமில்காரர் சிரிக்கவில்லை. ஆனால் போய் மில்லை நிறுத்தினார்.

வெயில் தாழத் தாழ வயலோரம் கூட்டம் சேர்ந்தது. உடைந்த கண்ணாடி, அரிவாள், தேங்காய் ஓடு, கையில் கிடைத்ததை வைத்து எல்லோரும் பெட்டியைச் சுரண்டினார்கள். பச்சைத் தூள் மண்ணில் உதிர்ந்தது. அண்ணி கோழிக்கூட்டைப் பிரித்து மேடையை மறுபடி கட்டப் பலகை கொடுத்தாள். "கோழிங்க இன்னிக்கு எங்க படுக்கும், உங்க தங்கச்சி மிஷின் மேலயா?" என்று கேட்டபடியேதான் கொடுத்தாள். வனக்காவலர் தொப்பியைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, தாம் கொடுத்த பெயின்ட்டைத் தாமே சுரண்டினார். "இனிமே மிஞ்சினா நானே குடிச்சிடுறேன்" என்றார்.

வந்தவர் போனவர் எல்லோரும் தையல்காரியைக் கடக்கும்போது ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் போனார்கள். அவள் சுரண்டிய பலகையில் தேனீயை இழுக்கப் பழைய அடையின் மெழுகைத் தேய்த்தாள். ஒரு பெட்டியை முடித்து அடுத்ததற்குப் போவாள், முதல் பெட்டியில் ஓர் ஓரம் விட்டுப்போனதாகத் தோன்றும், திரும்பி ஓடுவாள். இந்த வாடை எத்தனை நாளில் போகும், புதுக் கூட்டத்தைப் பிடித்துவர எத்தனை நாள் ஆகும், அதுவரை இத்தனை பேரும் தினமும் வருவார்களா? இன்றைக்குக் கோபத்தில் வந்திருக்கிறார்கள். கோபம் ஆறிவிட்டால்?

வரிசையின் கடைசிப் பெட்டியருகே மாவுமில்காரர் கையைத் தூக்கினார். "ஏம்மா, இங்க வா. எனக்குத்தான் இப்படிக் கேட்குதா, உள்ளே ஏதாவது இருக்கா?"

"மில் சத்தமா இருக்கும்ண்ணே."

"மில்லைத்தான் நிறுத்திட்டேனே."

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். ஓட்டையில் ஒரு தேனீ உட்கார்ந்திருந்தது. உள்ளே போயிற்று. இன்னொன்று வெளியே வந்தது. இன்னும் ஒன்று வந்து பலகையை முகர்ந்துவிட்டுப் பறந்தது. வீடு பார்க்க வந்தவையா, மிச்சமிருந்த தேனைத் திருட வந்தவையா? இரண்டுக்கும் இதே மாதிரிதான் வந்து போகும். காதை வைத்தாள். கேட்பது உள்ளேயிருக்கிற சத்தமா தன் காதுக்குள்ளேயே அடிக்கிற சத்தமா என்று பிரிக்க முடியவில்லை.

"என்ன, இருக்கா?" மேடையிலிருந்து அண்ணன் கேட்டான்.

இருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலண்ணே" என்றாள்.

காட்டுப் பக்கம் எங்கோ ஒரு கிளை முறிந்தது. சுரண்டிக்கொண்டிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன. அண்ணன் மேடையிலிருந்து குனிந்து, மடங்கிய விரல்களோடு இருந்த கையைத் தங்கையை நோக்கி நீட்டினான்.

"தெரியாட்டிப் பரவாயில்ல. மேல ஏறு, சீக்கிரம்."

பச்சை படிந்த கையால் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் மாவுமில்காரர் முதல் ட்ரம்மை ஓங்கித் தட்டினார்.